முப்பத்து மூன்று அடி ஒரு கிலோ: அழுத்த அலகுகளை மாற்றும் முழு வழிகாட்டி

புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் எலுமிச்சைத் தோட்டம். சொட்டுநீர்க் குழாய் போட்டு முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பிரஷர் கேஜ் உடைந்துவிட்டதென்று தோட்டக்காரரே கடைக்குப் போய் வேறொன்று வாங்கி மாட்டியிருக்கிறார். நான் கடையத்தில் இன்னொரு கிணற்று வேலையில் இருந்தேன். போன் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஒன்றரை வைக்கச் சொன்னீய. முள்ளு கால்லயே நிக்கி, மேல ஏற மாட்டேங்குது."

"பைபாஸ் வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்க."

மூடினார். முள் ஒரு நூல் நகர்ந்தது. இன்னும் மூடச் சொன்னேன். மூன்றாவது தடவை மூடும்போது போனிலேயே எனக்குக் கேட்டது: டப், டப், டப். சப்மெயினில் (வரிசைகளுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் குழாயில்) மாட்டியிருந்த லேட்டரல் குழாய்கள், அதாவது செடி வரிசையோடு ஓடும் சின்னக் குழாய்கள், ரப்பர் குரோமெட் வளையத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. வரிசைக்கு மூன்று நான்கு என்று நாற்பது இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கேஜின் முகத்தில் 0 முதல் 1 வரை எண்கள், கீழே சின்ன எழுத்தில் எம்பிஏ, அதாவது மெகாபாஸ்கல். அவர் கால் என்று படித்தது 0.25 மெகாபாஸ்கல், நம் பேச்சில் அது இரண்டரை கிலோ. நான் கேட்ட ஒன்றரையை அவர் முதல் நிமிடமே தாண்டிவிட்டார். குழாய் பிடுங்கியபோது முள் 0.35-இல் இருந்ததாம். மூன்றரை கிலோவுக்கு மேல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. "கேஜில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்காமல் வால்வை மூடச் சொன்னது நான்.

அன்றிலிருந்து கூட வேலை பார்க்கும் பையன்களுக்கு அழுத்தக் கணக்கை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்

நம் பக்கத்தில் அழுத்தத்துக்கு ஒரே பேச்சு கிடையாது. டயர் கடையில் "முப்பது பவுண்டு" என்பார்கள். பைப் கடையில் "ஆறு கிலோ பைப்பு" என்பார்கள். மோட்டார் கடையில் ஹெட் (மோட்டார் தண்ணீரைத் தள்ளும் உயரம்) இத்தனை மீட்டர் என்றோ அடி என்றோ எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் 120, 80. வானிலைச் செய்தியில் மில்லிபார் அல்லது ஹெக்டோபாஸ்கல் (இரண்டும் ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு). புதுக் காரின் கதவோரத்து ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல்.

இதில் ஆளைக் குழப்புவது கிலோவும் பவுண்டும்தான். இரண்டும் எடைக்கான சொற்கள். அழுத்தம் என்பதோ எடை எவ்வளவு பரப்பின் மேல் உட்காருகிறது என்பது. "ஆறு கிலோ பைப்பு" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ எடை அழுத்துவதைத் தாங்கும் குழாய். "முப்பது பவுண்டு காத்து" என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு. கேஜில் பிஎஸ்ஐ என்று போட்டிருப்பது இதுதான். பரப்பைச் சொல்லாமல் விழுங்கிப் பேசிப் பழகிவிட்டோம். பேச்சில் அது போதும். கணக்குப் போடும்போது விழுங்கிய பாதியைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பல கேஜ்களில் இரண்டு வட்டம் இருக்கும். ஒன்றில் கிலோ அல்லது பார் (கிலோவுக்கு மிக நெருங்கிய இன்னோர் அலகு), மற்றதில் பிஎஸ்ஐ, பெரும்பாலும் வேறு வேறு நிறத்தில். எந்த நிறம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

இரண்டாம் படி: பூஜ்யம் எங்கே இருக்கிறது?

நம் தலைக்கு மேல் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அது 101.325 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ, 1.033 கிலோ. ஆனால் கழற்றி மேசைமேல் வைத்த கேஜ் பூஜ்யம்தான் காட்டும். 1849-இல் பிரான்சு நாட்டுக்காரர் யூஜின் பூர்டோன் காப்புரிமை வாங்கிய வளைகுழாய் அமைப்புதான் இன்றைக்கும் நம் கேஜ்களுக்குள் இருக்கிறது. குழாய்க்கு உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூட என்பதைத்தான் அந்த வளைகுழாய் நிமிர்ந்து காட்டும். இது கேஜ் அழுத்தம். காற்றின் அழுத்தத்தையும் கூட்டிச் சொன்னால் அது முழு அழுத்தம்.

பாசனத்திலும் டயரிலும் கேஜ் அழுத்தமே போதும். கொதிநிலை, காற்று விரிவு, உறிஞ்சும் உயரம் என்று வரும்போது முழு அழுத்தம் வேண்டும். உதாரணத்துக்கு, தரையில் வைத்த மோட்டார் கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றால் கடல் மட்டத்தில் 10.33 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைத்தாலும் சரி. நடைமுறையில் உராய்வு, வால்வு எல்லாம் போக 6, 7 மீட்டர்தான் தேறும். நம் ஊர்க் கிணறுகளில் பாதியில் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்திருப்பது இதனால்தான்.

மூன்றாம் படி: நீர் உயரத்தைப் பாலமாக வைத்துக்கொள்ளுங்கள்

அட்டவணையை மனப்பாடம் பண்ணச் சொன்னால் யாரும் பண்ண மாட்டார்கள். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் காலையில் பேப்பரைப் பிரித்தவுடன் பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்க்காத விவசாயி இல்லை. நமக்குத் தண்ணீர் உயரம் தாய்மொழி மாதிரி. அழுத்தத்தையும் அந்த மொழியிலேயே யோசித்தால் தப்பு வராது.

10 மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தம் ஒரு கிலோ. அடியில் சொன்னால் 32.8 அடி, முப்பத்து மூன்று அடி என்று நினைவு வைத்தால் போதும். அதே அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார், ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல், 0.1 மெகாபாஸ்கல், 14.2 பவுண்டு. இந்த ஒரு வரியை மனதில் வைத்திருந்தால் அன்றைக்கு அந்தத் தோட்டக்காரர் 0.25-ஐப் பார்த்தவுடன் "இது 25 மீட்டர் தண்ணீராச்சே" என்று கையை எடுத்திருப்பார்.

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. 143 அடி உயரத் தண்ணீர் என்றால் 43.6 மீட்டர். ஆக 4.36 கிலோ, பாரில் 4.27, பவுண்டில் 62. மணிமுத்தாறுக்கு 118 அடி: 36 மீட்டர், 3.6 கிலோ, 51 பவுண்டு. நம்ப முடிகிறதா? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையெல்லாம் தேங்கி நின்றாலும், அடியில் உள்ள அழுத்தம் ஒரு லாரி டயருக்கு அடிக்கும் காற்றைவிடக் குறைவு. ஏரியின் அகலத்துக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. 143 அடி உயரத்துக்கு அரை அங்குலக் குழாயை நட்டு அதில் தண்ணீர் நிரப்பினாலும் அடியில் அதே 62 பவுண்டுதான். சுவரைத் தள்ளும் மொத்த விசை வேறு கணக்கு. அது பரப்போடு பெருகும். ஆனால் கேஜ் அதைக் காட்டாது.

அடியிலிருந்து பவுண்டுக்கு மனக்கணக்கு: முப்பது அடிக்குப் பதின்மூன்று பவுண்டு. எந்த அடியையும் 13-ஆல் பெருக்கி 30-ஆல் வகுங்கள். சரியான எண் அடிக்கு 0.4335; வித்தியாசம் ஒன்றுமில்லை.

நான்காம் படி: துல்லியம் வேண்டுமென்றால்

எண்களைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட எப்படி வருகிறது என்று ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு மறக்காது. ஒரு பவுண்டு 0.45359237 கிலோ, ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர். சதுர அங்குலம் 2.54 × 2.54 = 6.4516 சதுர சென்டிமீட்டர். 0.45359237-ஐ 6.4516-ஆல் வகுத்தால் 0.0703. ஆக ஒரு பிஎஸ்ஐ 0.0703 கிலோ. திருப்பிப் போட்டால் ஒரு கிலோ 14.22 பிஎஸ்ஐ.

பாஸ்கலுக்குப் போகும்போது இன்னொரு எண் குறுக்கே வரும்: 9.80665. கிலோ என்பது பொருளின் நிறை. அது கீழே அழுத்தும் விசையை நியூட்டனில் சொல்ல இந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் அழுத்தினால் ஒரு பாஸ்கல். இந்தப் பெயரை 1971-இல் உலக அளவில் ஏற்றுக்கொண்டார்கள். பாஸ்கல் மிகச் சின்னது. அதனால்தான் கிலோபாஸ்கலும் மெகாபாஸ்கலும். நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியவை:

1 பிஎஸ்ஐ = 6.895 கிலோபாஸ்கல் = 0.06895 பார்
1 கிலோ (சதுர செ.மீ.க்கு) = 98.0665 கிலோபாஸ்கல் = 0.981 பார்
1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.50 பிஎஸ்ஐ = 1.02 கிலோ
1 மீட்டர் நீர் = 9.807 கிலோபாஸ்கல் = 1.422 பிஎஸ்ஐ
1 மில்லிமீட்டர் பாதரசம் = 133.3 பாஸ்கல் = 13.6 மில்லிமீட்டர் நீர்

பழைய அலகு புது அலகாக மாறிய தடயத்தை அடையாளம் காணத் தெரிந்தால் பல விநோத எண்கள் புரியும். அரிசி ஆலைப் பாய்லர்களில் 10.54 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் பத்து என்றோ பதினொன்று என்றோ வைக்கவில்லை? 150-ஐ 0.0703-ஆல் பெருக்கிப் பாருங்கள். 150 பவுண்டு பாய்லர்தான் அது. கூடங்குளத்தில் ஓடும் ரஷ்ய வகை அணு உலையின் முதன்மைச் சுற்றில் அழுத்தம் 15.7 மெகாபாஸ்கல். அதை 0.0980665-ஆல் வகுத்தால் 160 கிலோ, முழு எண். நீர் உயரமாகச் சொன்னால் 1,600 மீட்டர். அவ்வளவு அழுத்தினால்தான் 300 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் கொதிக்காமல் தண்ணீராகவே ஓடும்.

ஐந்தாம் படி: கையில் உள்ள வேலைக்குப் போட்டுப் பார்ப்பது

மோட்டார் வாங்குவதுதான் பணம் அதிகம் போகும் இடம். அதை முதலில் முடிப்போம். போர்வெல்லில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் 120 அடி ஆழத்தில் நிற்கிறது. சொட்டுநீருக்கு பில்டருக்கு அப்புறம் ஒன்றரை கிலோ வேண்டும். பில்டரில் அரை கிலோ போகும் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் உராய்வுக்கு 3 மீட்டர். அடி, கிலோ, மீட்டர் என்று மூன்று அலகு கலந்து கிடக்கிறது. இந்த நிலையில் கூட்டக் கூடாது. எல்லாவற்றையும் மீட்டர் நீராக மாற்றுங்கள்.

120 அடியை 0.3048-ஆல் பெருக்கினால் 36.6 மீட்டர். ஒன்றரை கிலோ 15 மீட்டர். அரை கிலோ 5 மீட்டர். உராய்வு 3. மொத்தம் 59.6, 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 197. கடைக்காரரிடம் "60 மீட்டர் ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் கொடுக்கும்?" என்று கேளுங்கள். "200 அடி போர், மோட்டார் கொடுங்க" என்று கேட்பவர்தான் அதிகம். போர் எத்தனை அடி என்பது மோட்டாருக்குத் தேவையே இல்லாத எண்.

குழாய்க்கும் இதே கணக்கு. 60 மீட்டர் என்றால் ஆறு கிலோ பைப் சரியாக எல்லையில் நிற்கிறது. வால்வை மூடியபடி மோட்டாரைப் போட்டுவிட்டால் அழுத்தம் அந்த 60-க்கும் மேலே ஏறும். கரண்ட் போய் மோட்டார் திடீரென்று நின்றாலும் தண்ணீர் குழாய்க்குள் திரும்பி அடிக்கும். அதோடு, பிவிசி குழாயில் அச்சிட்டிருக்கும் தாங்குதிறன் 27 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை வெயிலில் வரப்பில் திறந்து கிடக்கும் குழாய்க்கு அது பொருந்தாது. மோட்டார் பக்கத்துக் குழாய்க்கு அடுத்த ரகத்தை வாங்கி மண்ணுக்குள் புதைப்பதுதான் என் பழக்கம். குழாயில் 0.6 எம்பிஏ என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது ஆறு கிலோ பைப்தான்.

பில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு கேஜ் வைத்திருந்தால் இரண்டும் ஒரே அலகில் இருக்கட்டும். வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் பில்டரைக் கழுவ வேண்டும். ஒன்று பாரிலும் ஒன்று பிஎஸ்ஐயிலும் இருந்தால் தினமும் யார் கணக்குப் போடுவது?

டயருக்கு வருவோம். ஸ்டிக்கரில் 230 கிலோபாஸ்கல். 7-ஆல் வகுத்தால் 32.9, 33 என்று அடிக்கச் சொல்லுங்கள். பாரில் 2.3 என்று இருந்தால் 15-ஆல் பெருக்கி, பார் எண்ணில் பாதியைக் கழியுங்கள்: 34.5-இல் 1.15 போக 33.35. பவுண்டைக் கிலோவாக்க 7-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும்.

காரில் மாஞ்சோலைக்கு ஏறுபவர்கள் கேட்பார்கள், மேலே போனால் காற்று கூடுமா குறையுமா என்று. இங்கேதான் முழு அழுத்தம் கைகொடுக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 14.7-இலிருந்து 13 பவுண்டுக்கு இறங்கிவிடும். கீழே 30 அடித்திருந்தால் முழு அழுத்தம் 44.7, டயர் அப்படியே இருந்தால் மேலே கேஜ் 31.7 காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், குளிரில் உள்ளே உள்ள காற்று சுருங்கும். 44.7-ஐ 298-ஆல் பெருக்கி 308-ஆல் வகுத்தால் 43.25. அதில் 13 போக 30.2. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. வெப்பக் கணக்கில் எப்போதும் முழு அழுத்தத்தையும், செல்சியஸோடு 273 கூட்டிய வெப்பத்தையுமே எடுக்க வேண்டும். 30-ஐ வைத்துப் போட்டால் விடை தப்பும்.

வீட்டில் ஷவரில் தண்ணீர் வேகமில்லை என்ற புகாருக்கும் இதுவே பதில். ஷவர் பெட்டியில் குறைந்தது 0.5 பார் என்று போட்டிருக்கும். அது 5.1 மீட்டர், கிட்டத்தட்ட 17 அடி. மாடித் தொட்டி ஷவருக்கு மேல் ஐந்தடியில்தான் இருக்கிறது என்றால் கிடைப்பது 0.15 பார். ஷவரை மாற்றிப் பயனில்லை.

அடுப்படியில் கேஸ் ரெகுலேட்டர் அடுப்புக்கு விடுவது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். 30 சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் உயரம். அதே அடுப்பின் மேல் உள்ள குக்கரில் ஒரு கிலோ, 10 மீட்டர் தண்ணீர். அதனால் உள்ளே 120 டிகிரி வரை சூடேறுகிறது.

ஆஸ்பத்திரிக் கணக்கில் பாதரசம் வருகிறது. 120 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 13.6 மடங்கு தண்ணீர்: 163 சென்டிமீட்டர், 16 கிலோபாஸ்கல். சலைன் பாட்டிலை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் அடியில் 74 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். கைநரம்பில் உள்ள இரத்த அழுத்தம் அதைவிட மிகக் குறைவு என்பதால்தான் மருந்து உள்ளே இறங்குகிறது. பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கினால் இரத்தம் குழாயில் ஏறுவதை ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆறாம் படி: எத்தனை இலக்கம் எழுதுவது?

உங்கள் கேஜ் படிக்கும் அளவுக்குத்தான். முள்ளைப் பார்த்து "33 பவுண்டு" என்று படித்துவிட்டு, மாற்றும்போது 227.527 கிலோபாஸ்கல் என்று எழுதினால் கேஜுக்கே தெரியாத துல்லியத்தை நாம் சேர்க்கிறோம். 230 போதும். ஆனால் நடுவில் சுருக்காதீர்கள்; கணக்கு முடிந்த பிறகு கடைசியில் ஒருமுறை சுருக்குங்கள். கிலோவையும் பாரையும் ஒன்றென்று வைத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு. சொட்டுநீருக்கு அது பொருட்டில்லை. பாய்லர் சேப்டி வால்வுக்கு அப்படி வைக்கக் கூடாது.

ஏழாம் படி: கேஜைத் தண்ணீரால் சோதிப்பது

மாற்றும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கேஜ் பொய் சொன்னால் எல்லாம் வீண். சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். மாடித் தொட்டி போதும். தொட்டியிலிருந்து வரும் குழாயின் கீழ்முனையில் கேஜை மாட்டி, வேறு எந்தக் குழாயும் திறந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடினால் உராய்வு கொஞ்சம் அழுத்தத்தைத் தின்றுவிடும். பிறகு மாடியிலிருந்து நூல்குண்டைத் தொங்கவிட்டு, தொட்டிக்குள் நிற்கும் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து கேஜின் நடுப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது.

என் வீட்டில் அது 31 அடி. 9.45 மீட்டர், ஆகவே 0.945 கிலோ, 13.4 பவுண்டு காட்ட வேண்டும். புளியங்குடியிலிருந்து கழற்றி வந்த அந்த மெகாபாஸ்கல் கேஜையும் மாட்டிப் பார்த்தேன். 0.093-க்குப் பக்கத்தில் வர வேண்டிய முள் அதே இடத்தில் நின்றது, சரியான கேஜ்தான். என் பையில் பல வருஷமாக இருந்த கிலோ கேஜ் 1.1 காட்டியது. கழற்றினால் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 0.15-இல் நின்றது. அதன் முகத்தில் பெயின்ட் பேனாவால் "0.15 கழி" என்று எழுதி வைத்திருக்கிறேன்.